யாரும் சொல்லாத சேதி

வாரா வாரம் கூடவே வருகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். நடுவழியில் ஏறியவர்களுக்காக இதுவரை நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, எந்தக் கண்ணுக்கு என்ன நம்பர் என்று சொல்கிற வேலை. அவள் தம்பி ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்து மாட்டுகிறவன். தம்பியின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவருக்கும் பேச்சு நின்று, நர்ஸ் தன் அப்பா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. சோபா வாங்குவதாக இருந்தாலும் அக்காவைக் கேட்க வேண்டும், சொந்தமாக ஒரு முடிவு எடுக்கத் துப்பில்லை என்பது அவள் புகார். அக்காவைக் கேட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்பது அவன் பதில்.

போன வியாழக்கிழமை நர்ஸ் நேரே கண்ணாடிக் கடைக்கே வந்தாள். கண் பரிசோதிக்க வந்தவளைப் போல உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணி, எனக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருஷத்துக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி கிளம்பறேன். அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா காதுல ஏறாது, நீங்க சொன்னாத்தான் ஏறும். அன்னிக்கு நாலு மணி வரைக்கும் அப்பா வீட்டுல இருப்பேன். வந்தார்னா உக்காந்து பேசலாம். பேசினா நான் போகாமகூட இருந்துடுவேன். வரலைன்னா அதையே பதிலா எடுத்துக்கறேன்."

அக்கா "சரி" என்றாள். அந்த ஒரு "சரி"தான் இந்த வாரம் நம்மைக் கடற்கரை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சேதி என்றால் நான் முந்தி நீ முந்தி என்று ஓடுவார்கள். கெட்ட சேதி என்றால் அதைச் சொல்கிற வாய் தன் வாயாக இருக்கக் கூடாது. இன்னும் நெருக்கமானவர் யாராவது சொல்லட்டும் என்று கை மாற்றிவிடுவார்கள். அக்காவின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த சேதி நாலு பேர் கை மாறி, கடைசியில் பால்காரர் வாயால்தான் அவளுக்கு வந்து சேர்ந்தது.

நர்ஸ் படியிறங்கிப் போன கையோடு அக்கா தன் கணவரைக் கூப்பிட்டாள். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். "ஆம்பளைக்கு ஆம்பளை பேசினாத்தான் சரியா இருக்கும். நீங்க சொல்லுங்க," என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, தம்பியின் பால்ய சிநேகிதனைக் கூப்பிட்டார். அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது பள்ளிக்கூடம். உயரமும் ஒல்லியும் காரணம். "நீதாம்ப்பா அவனுக்கு உசிரு. பக்குவமா எடுத்துச் சொல்லு," என்றார். கொக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவன். மோசமான ரிசல்ட் வந்தால் அதை உறையில் போட்டு ஒட்டி, "டாக்டர் சொல்வாரு" என்று நீட்டிப் பழகியவன். அவன் சரி சரி என்று போனை வைத்துவிட்டு, என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள் சொல்லாமலா இருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

அக்காவும் கணவரும் தம்பியும் கொக்குவுமாகப் பறவை பார்க்கப் போகும் இந்தப் பயணம் ஒரு மாசம் முன்னாலேயே கொக்கு போட்டு வைத்த திட்டம். சனிக்கிழமை காலையில் தம்பி தோள்பையோடு வந்து காரில் ஏறியபோது மற்ற மூன்று பேருக்கும் ஒரே நினைப்புதான் ஓடியது. இவனுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் வருகிறான். போகப் போவதில்லை என்று முடிவு எடுத்துவிட்டான்.

கேட்டால் புண்ணைக் கிளறியது போல ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா வழி நெடுக பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை நன்றாகத்தான் போயிற்று. கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. ஒன்று தண்ணீரை அள்ளி, பை போன்ற அலகைத் தொங்கவிட்டபடி தம்பியையே முறைத்துப் பார்த்தது. அவன் குனிந்து குனிந்து படம் எடுக்கப் போய், கைப்பேசியைத் தொப்பென்று தண்ணீரில் விட்டான். கூழைக்கடா அதையும் ஒரு மீனாக நினைத்து எட்டிப் பார்க்க, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை டிரைவிங் ஸ்கூல்காரர் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டார்.

சாயங்காலம் தம்பி படகுத் துறையில் தனியாக, தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். போன கைப்பேசியை நினைத்துத்தான் அந்த வருத்தம். அதைத் தூரத்திலிருந்து பார்த்த டிரைவிங் ஸ்கூல்காரர், "கொக்கு இன்னொரு தடவை பேசியிருக்கான் போல. பாவம்," என்று மனைவியிடம் சொன்னார்.

ஞாயிறு காலை லாட்ஜ் அறையில் தலை வாரிக்கொண்டே அக்கா கைப்பேசியைப் பார்த்தாள். படம் வந்த சற்று நேரத்துக்கெல்லாம் நர்ஸ் குடும்ப குரூப்பை விட்டு வெளியேறியிருந்தாள்.

அக்காவுக்குத் தம்பி மேல் கோபம் வந்தது. என்ன இருந்தாலும் ஆறு வருஷம் கூட வாழ்ந்தவள், போய் ஒரு வார்த்தை பேசினால் என்ன. இவ்வளவு கல்மனசு இவனுக்கு எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் செத்த ஓணானைக் கண்டாலே மூன்று நாள் சாப்பிட மாட்டான்.

அன்று பூநாரை பார்க்கும் திட்டம். கொக்கு சொன்ன இடத்துக்குப் போக, பெரிய சாலையிலிருந்து பிரிந்து ஒரு மண்பாதை நீண்டுகொண்டே போனது. பாதை முடிகிற இடத்தில் ஈர மணல்வெளி. அதற்கு அப்பால் ஆழமில்லாத தண்ணீர். தண்ணீரில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேய்ந்தன. ஆள் நடமாட்டமே இல்லை. கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

"இப்ப ஒரு படகு போச்சுன்னா எல்லாம் எழும்பும் பாருங்க. ரெக்கைக்கு அடியில செவப்பு தெரியும்," என்று கொக்கு பைனாகுலரை இறக்காமலே கிசுகிசுத்தான்.

அக்காவும் தம்பியும் மணலில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். சின்னச் சின்ன நண்டுகள் காலடி கேட்டதும் வளைக்குள் ஓடி, இவர்கள் தாண்டியதும் வெளியே வந்து பார்த்தன.

"அக்கா, புதன்கிழமை நான் போய் அவளைக் கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன்," என்றான் தம்பி.

அக்கா நின்றுவிட்டாள்.

"எவ்வளவு நாளைக்குத்தான் இப்படி மூஞ்சியைத் திருப்பிட்டு இருக்கறது. அவ இறங்கி வர மாட்டா. நானே போறேன். இந்தத் தடவை உன்னைக்கூடக் கேக்காம முடிவு பண்ணியிருக்கேன்." அதைச் சொல்லிவிட்டு, அவளிடமே அதைச் சொல்வதை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது. "ரூமுக்குப் புதுத் திரை தெச்சு மாட்டி வெச்சிருக்கேன். ரெண்டு மடிப்பு, உள்ள கறுப்புத் துணி. பட்டப்பகல்லயும் ஒரு பொட்டு வெளிச்சம் வராது. நைட் டியூட்டி பாத்துட்டு வந்து தூக்கம் வரலை, தூக்கம் வரலைன்னு சொல்லுவா இல்ல. ஊருக்கெல்லாம் திரை மாட்டற, நம்ம வீட்டு ஜன்னல் கண்ணுக்குத் தெரியாதான்னு கேப்பா. வந்து பாக்கட்டும்."

காற்றில் அவன் தலைமயிர் பறந்தது. முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. எத்தனையோ ஆயிரம் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தவள் அக்கா. தன் தம்பியின் கண்ணை இரண்டு நாளாக அவள் பார்க்கவே இல்லை.

இவனுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. தலை வலிக்குது. நீ பாத்துட்டு வா," என்று சொல்லிவிட்டு அவள் காரை நோக்கி நடந்தாள். நடை பாதியிலேயே ஓட்டமாயிற்று.

டிரைவிங் ஸ்கூல்காரர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அவன்கிட்ட சொன்னீங்கல்ல?"

"கொக்கு சொல்லிட்டானே."

கொக்கு பைனாகுலரை இறக்கினான். "நானா? நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்க்கா."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

"நேத்து துறையில தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தானே," என்றார் அவர்.

"போன் போச்சேன்னு உக்காந்திருந்தான்," என்றான் கொக்கு.

அக்கா மணி பார்த்தாள். பதினொன்றரை. இங்கிருந்து நர்ஸின் அப்பா வீட்டுக்கு மூன்று மணி நேர ஓட்டம். இப்போது புறப்பட்டால் தாராளமாகப் போய்விடலாம். "கிளம்புங்க. வழியில சொல்லிக்கலாம். முதல்ல வண்டியை எடுங்க."

"வழியில யாரு சொல்றது?" என்று கேட்டான் கொக்கு. அவனை அக்கா பார்த்த பார்வையில் அவன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பாதை குறுகல். திருப்ப இடமில்லை. வந்த வழியே வெகுதூரம் ரிவர்ஸில் போக வேண்டும். அவசரத்தில் டிரைவிங் ஸ்கூல்காரர், ஈர மணலில் இறக்கி ஒரு வட்டம் அடித்துத் திருப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார். ரோட்டை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக் கூடாது என்று தினம் நாற்பது பேருக்குப் பாடம் எடுக்கிறவர் அவர். ஆனைக்கும் அடி சறுக்கும்.

பாதி வட்டம் நன்றாகத்தான் வந்தது. பிறகு கார் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. அவர் அழுத்தினார். பின்சக்கரம் சேற்றை வாரி வாரி இறைத்துவிட்டு, தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தது.

தம்பி சிரித்துக்கொண்டே ஓடி வந்தான். "என்ன அத்தான், டெஸ்ட்ல ஃபெயிலா? லைசென்ஸைக் குடுங்க இப்படி."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதை அவன் கவனிக்கவும் இல்லை. முழங்கால் வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, சக்கரத்துக்குக் கீழே கையாலேயே மணலை வாரி எடுக்க ஆரம்பித்தான். காரின் மிதியடிகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகினான். எங்கிருந்தோ ஒரு பலகையைத் தூக்கி வந்தான். "ஃபர்ஸ்ட் கியர் வேண்டாம் அத்தான், செகண்ட்ல மெதுவா எடுங்க," என்று டிரைவிங் ஸ்கூல்காரருக்கே சொல்லிக் கொடுத்தான். வேலை இருந்துவிட்டால் அவனுக்கு உற்சாகம் வந்துவிடும். பலகை முறிந்தது. மிதியடி ஒன்று பின்னால் பறந்து போய் விழுந்தது. கார் இன்னும் ஒரு சாண் இறங்கியது.

பாதைக்குப் பக்கத்தில் உயரமான மணல்மேடு ஒன்று இருந்தது. அதன் உச்சியில் சிக்னல் கிடைக்கும் என்று கொக்கு கண்டுபிடித்தான். டிரைவிங் ஸ்கூல்காரர் மூச்சு வாங்க ஏறிப் போய் லாட்ஜுக்குப் பேசிவிட்டு வந்தார். டிராக்டர் வைத்திருக்கிறவர் ஒருவர் இருக்கிறாராம், சாப்பிட்டுவிட்டு வருவாராம்.

அக்காவும் ஒரு தரம் ஏறிப் போனாள். நர்ஸின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். அழைத்து என்ன சொல்வது? உன் சேதியை நான் சொல்லவே இல்லை, அவன் இங்கே மண் தோண்டிக்கொண்டிருக்கிறான் என்றா? டிராக்டர் வந்துவிடும். ஒரு மணிக்குக் கிளம்பினாலும் நாலு மணிக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். ஆளையே நேரில் நிறுத்திவிட்டால் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லையே. அவள் கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஒரு மணி ஆயிற்று. டிராக்டர் வரவில்லை.

தண்ணீர்தான் வந்தது. அலை எதுவும் இல்லை. சத்தமும் இல்லை. காலையில் தூரத்தில் இருந்த தண்ணீரின் விளிம்பு, பார்க்கும்போது அசையாமல், பார்க்காதபோது கிட்டே வந்துகொண்டிருந்தது. பூநாரைகளும் அதோடு சேர்ந்து கிட்டே வந்தன. எல்லோரும் காலையிலிருந்து காண ஏங்கிய பறவை இப்போது கல்லெறியும் தூரத்தில் நின்றது. ஒருவருக்கும் பார்க்க மனசில்லை. தம்பி ஒருவன்தான் மண் வாரிய கையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன அழகா இருக்குக்கா. அவளுக்குக் காட்டணும்," என்றான்.

அக்கா திரும்பி நின்றுகொண்டாள். சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் என்ன செய்வான்? இந்த மணலில் கிடந்து துடிப்பான். பெரிய சாலைக்கு நடந்து போனாலும் காலையில் ஒன்று, இருட்டியபின் ஒன்று என்றுதான் பஸ். போகவும் முடியாதவனிடம் எதைச் சொல்வது? கார் வெளியே வரட்டும். வந்ததும் சொல்லிவிடலாம்.

கணவரைப் பார்த்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கொக்குவைப் பார்த்தாள். அவன் சட்டென்று பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டான்.

அப்படியே இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. மேட்டிலிருந்து இறங்கி வந்த டிரைவிங் ஸ்கூல்காரர், "டிராக்டர் வேற எங்கயோ போயிருக்காம். அஞ்சு மணிக்கு வருதாம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவ்வளவுதான். இனி முடியாது.

அக்கா தம்பியின் கையைப் பிடித்து எழுப்பினாள். கை முழுக்க ஈர மண். விரல் நகத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"தம்பி, உன் பொண்டாட்டி இன்னிக்கு ராத்திரி வெளிநாட்டுக்குப் போறா. ரெண்டு வருஷ வேலை. வியாழக்கிழமை எங்கிட்ட வந்து சொன்னா. உங்கிட்ட சொல்லச் சொன்னா. இன்னிக்கு நாலு மணி வரைக்கும் அவங்க அப்பா வீட்டுல உனக்காகக் காத்திருக்கா."

அவன் சிரித்த வாய் மூடாமல் அவளைப் பார்த்தான். ஏதோ விளையாட்டு என்று நினைத்தான் போல. பிறகு அத்தானைப் பார்த்தான். கொக்குவைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"எல்லாருக்கும் தெரியுமா?"

கொக்கு பைனாகுலரின் வாரை விரலில் சுற்ற ஆரம்பித்தான்.

"நேத்திக்கே தெரியுமா?"

"நீ வந்து ஏறினதும் உனக்குத் தெரியும்னு நெனச்சோம்டா. ஆளாளுக்கு இன்னொருத்தர் சொல்லியிருப்பாங்கன்னு..." என்றாள் அக்கா. சொல்லச் சொல்ல, அது எவ்வளவு கேவலமான சமாதானம் என்று அவளுக்கே தெரிந்தது.

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தவில்லை. காரைப் பார்த்தான். பாதையைப் பார்த்தான். ஓட ஆரம்பித்தான். பாதையில் கொஞ்ச தூரம் ஓடி, நின்று, திரும்பி வந்தான். ஓடி எந்த ஊருக்குப் போவது?

"போனைக் குடு," என்றான்.

இருவருமாக மணல்மேட்டில் ஏறினார்கள். ஏற ஏற மணல் சரிந்து கீழே இழுத்தது. உச்சிக்குப் போனதும் இரண்டு முறை அழைப்பு துண்டித்துப் போயிற்று. மூன்றாவது முறை மணி அடித்தது. காற்றுச் சத்தத்தில் காது கேட்காது என்று அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்கண்ணி," என்றாள் நர்ஸ்.

"நான்தான்."

"இதுக்கும் அக்கா போன்தானா?" என்று கேட்டாள்.

"என் போன்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "கிளம்பிட்டியா?"

"கார் வாசல்ல நிக்குது. பெட்டியை ஏத்திட்டு இருக்காங்க. வழியெல்லாம் நெரிசலாம், டிரைவர் சீக்கிரமே வந்துட்டான்." குரல் நிதானமாக இருந்தது. ஊசி போடும்போது நோயாளியிடம் பேசுகிற குரல் அது. "அண்ணி உங்ககிட்ட விஷயத்தைச் சொன்னாங்கல்ல?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா சொல்லு, சொல்லு என்று தலையை ஆட்டினாள். நான் சொல்லவில்லை என்று சொல்லு. உண்மையைச் சொல்லு.

"சொன்னா. வியாழக்கிழமையே சொல்லிட்டா," என்றான் அவன்.

"தெரிஞ்சும் பறவை பாக்கப் போயிட்டீங்க."

"ஆமா."

"போட்டோ பாத்தேன். நல்லா சிரிச்சிட்டு இருந்தீங்க." அவள் மூச்சை இழுத்துவிடுவது கேட்டது. "முதல்ல ரொம்பக் கோபம் வந்துச்சு. இப்ப இல்ல. கல்யாணமாகி முதல் தடவையா, யாரையும் கேக்காம நீங்களா ஒரு முடிவு எடுத்திருக்கீங்க. அது எனக்கு எதிரா இருந்தாலும் பரவாயில்ல. உடம்பைப் பாத்துக்கோங்க."

அழைப்பு நின்றது.

"ஏண்டா அப்படிச் சொன்னே?" அக்கா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எனக்கு இப்பத்தான் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ காரை விட்டு இறங்கியிருப்பாடா. அக்கா சொல்லலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி?" அவன் அவள் கையை விலக்கினான். "இதுவும் அக்காவாலதான்னு அவ சொல்லுவா. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும், நீ சொல்லலைன்னா பொண்டாட்டி ஊரை விட்டுப் போறதுகூடத் தெரியாதுன்னு ஆயிடும். அப்படி இல்லவே இல்லைன்னு நான் சண்டை போட்டது அதுக்குத்தானே? அவ சொன்னதெல்லாம் நெசம்னு நானே என் வாயால எப்படிக்கா சொல்லுவேன்? அதுக்கு நான் கல்நெஞ்சுக்காரனாவே இருந்துட்டுப் போறேன்."

கைப்பேசியை அவள் கையில் வைத்துவிட்டு அவன் மேட்டிலிருந்து இறங்கினான். நேரே கார்ப் பக்கம் போகவில்லை. தண்ணீர் விளிம்பை ஒட்டி, யாருமில்லாத பக்கமாக நடந்தான். அவன் வருவதைக் கண்டு பூநாரைகள் கொஞ்சம் விலகி நின்றன.

கீழே கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல்காரரும் கொக்குவும் அவனையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. பின்சக்கரத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது.

அக்கா திரும்ப அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை யாரையும் முன்னால் தள்ள முடியாது, யாரும் பக்கத்தில் இல்லை. அவள் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டாள். நான்தான் சொல்லலை. நீ எங்கிட்ட சொன்னதை நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல. திட்டு, எவ்வளவு வேணாலும் திட்டு, ஆனா இறங்கிடு.

எடுத்தார்கள்.

"அலோ, யாரும்மா?" நர்ஸின் அப்பா.

"மாமா, உங்க மாப்பிள்ளையோட அக்கா பேசறேன். அவகிட்ட குடுங்க மாமா. அவசரம்."

"கார் இப்பத்தாம்மா தெருமுனையைத் தாண்டிச்சு. போனை எங்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டா. அங்க போய் வேற நம்பர் வாங்கிக்கறாளாம். ஏர்போர்ட்டுக்குள்ள போறதுக்கு முன்னால யார் போன்லேர்ந்தாவது கூப்பிடறேன்னு சொல்லியிருக்கா. ஏதாவது சேதி இருந்தா எங்கிட்ட சொல்லு, நான் சொல்லிடறேன்."

அக்கா சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். வியாழக்கிழமை அவள் கடைக்கு வந்தது, தான் சரி என்றது, அவன் காதுக்கு அது போகவே இல்லை என்பது, அவன் போனில் சொன்னது முழுப் பொய் என்பது, புதன்கிழமை அவளைக் கூட்டி வருவதாக இருந்தான் என்பது. எதையும் மறைக்கவில்லை.

காற்றில் தொடர்பு போய்விட்டதோ என்று அவள் கைப்பேசியைப் பார்த்தாள். போகவில்லை.

"மாமா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா." என்றார் அவர். "மூணு வாரமா ராத்திரியெல்லாம் அழுத பொண்ணு. இன்னிக்குத்தான் மனசைத் தேத்திட்டு, கண்ணைத் துடைச்சிட்டுக் கிளம்பினா. விமானம் ஏறப் போறவகிட்ட இதை நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

"நீங்கதான் மாமா சொல்லணும். வேற யாரும் இல்ல."

"இல்லம்மா, எனக்கு வாய் வராது," என்றார் அவர். "கார்ல கூடப் போயிருக்கான் பாரு, அவ மாமன் மகன். அவன் சொன்னா கேப்பா. நான் அவனை விட்டுப் பக்குவமா சொல்லச் சொல்றேன்."